மெத்தோட்ரெக்ஸேட் போதவில்லையா? அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

ராயபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஸ்டான்லியிலிருந்து, அதாவது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடத்திலிருந்து, சீட்டோடு நேராக இங்கே வருபவர்கள் உண்டு. முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், உள்ளவர்கள் கேட்கும் கேள்வி இந்தப் பத்து வருடத்தில் மாறிவிட்டது. முன்பெல்லாம் "வலிக்கு என்ன மாத்திரை?" என்பார்கள். இப்போது, "டாக்டர் ரெண்டு மூணு வழி சொல்றாரு. ஊசின்றாரு, புது மாத்திரைன்றாரு. நீங்களே சொல்லுங்க, எதை எடுத்துக்கறது?" என்று சீட்டை நீட்டுகிறார்கள்.

கடை வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. என் அண்ணிக்கே எட்டு வருடமாக இந்த நோய் இருக்கிறது. காசிமேட்டில் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தவர் அவர். இதே முடிவை அவருக்காகவும் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். கடைசி முடிவு உங்கள் மூட்டுவாத மருத்துவருடையதும் உங்களுடையதும்தான். அந்த அறைக்குள் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள், அதற்குத்தான் இது.

இது யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்குப் பொதுவாக முதலில் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைச் சரியான அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள், குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காக எடுத்தும் வீக்கம் வடியாதவர்களுக்கு. "வாரத்துக்கு ஒரு நாள்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். தினமும் விழுங்கிவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு எழுதிக்கொடுத்த சீட்டில் கிழமையே இல்லை. உங்கள் சீட்டில் கிழமை எழுதியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. சிக்குன்குனியா வந்து போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வீங்கும். 2006இல் நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படி நொண்டினார்கள். அதுவும் முடக்குவாதமும் ஒன்றல்ல. முடக்குவாதமா என்று கண்டறிய உதவும் ஆன்ட்டி சி.சி.பி. இரத்தச் சோதனை செய்யாமலே யாராவது உங்களை விலை கூடிய மருந்துக்கு மாற்றினால், அந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

## உடம்புக்குள் யார் யாருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்

இந்த மருந்துகள் எல்லாம் சைட்டோகைன்களைச் சுற்றித்தான் வேலை செய்கின்றன. கொரோனா காலத்தில் "சைட்டோகைன் புயல்" என்று டிவியில் கேட்டிருப்பீர்கள், அதே சங்கதிதான். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சிறு புரதங்கள் இவை. ஓர் இடத்தில் கிருமி நுழைந்தால் அங்கே இருக்கிற அணு டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவற்றை விடுகிறது. இரத்தக் குழாய் விரிகிறது, வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன, மூளைக்குச் செய்தி போய்க் காய்ச்சல் ஏறுகிறது. குடிசைப் பக்கம் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் தெருவே கத்திக் கூடுகிறதே, அது மாதிரி. அந்தக் கத்தல் இல்லாவிட்டால் தெரு சாம்பல்.

முடக்குவாதத்தில் தீயே இல்லாமல் கத்தல் தொடர்கிறது. மூட்டின் உள்சவ்வில் டி.என்.எஃப். சுரந்துகொண்டே இருக்கிறது. அது இன்டர்லூக்கின்-6ஐக் கூட்டுகிறது, எலும்பை அரிக்கும் அணுக்களையும் தூண்டிவிடுகிறது. இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய், இரத்தச் சோதனையில் அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி.யை ஏற்றுகிறது. இரும்புச்சத்தை உடம்புக்குள் பூட்டி வைக்கவும் செய்கிறது. அதனால்தான் வாதக்காரர்களில் பலருக்கு எத்தனை இரும்பு மாத்திரை போட்டாலும் சோகை மாறுவதில்லை. விடியற்காலையில் விரல் மடங்காமல் இறுகிக் கிடக்கிறதே, அந்த நேரத்தில்தான் இன்டர்லூக்கின்-6 உச்சத்தில் இருக்கும். "வயசாயிடுச்சு, அதான்" என்று அண்ணியிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்! அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்பது.

டி.என்.எஃப். என்ற பெயரே 1975இல் வந்தது, கட்டியை அழுகச் செய்யும் பொருள் என்ற அர்த்தத்தில். அதை மூட்டுநோயோடு சேர்த்துப் பார்த்தவர்கள் லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும். 1992இல் டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் வடிந்தது. இன்றைய ஊசிகளுக்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

வட சென்னைக்காரர்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் இது. டி.பி. கிருமி நுரையீரலுக்குள் போனால் உடம்பு பெரும்பாலும் அதைக் கொல்வதில்லை. அணுக்களால் சுவர் கட்டி உள்ளே அடைத்து வைக்கிறது. அந்தச் சுவரைக் காத்து நிற்பது டி.என்.எஃப்.தான். மூட்டுக்காக டி.என்.எஃப்.ஐ அடக்கினால் சுவரும் தளர்கிறது. 2001இலேயே, டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டவர்களில் 70 பேருக்கு டி.பி. வந்ததாக ஓர் ஆய்வு வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே வந்தது. பலருக்கு மூன்றாவது ஊசிக்குள்ளேயே வந்துவிட்டது. புதிதாகத் தொற்றியது என்பதைவிட, உள்ளே அடைபட்டிருந்தது வெளியே வந்தது என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

"எது பவர் அதிகம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மெத்தோட்ரெக்ஸேட் போதாதவர்களில் பலருக்கு இந்த மருந்துகள் எல்லாமே கேட்கும், பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது டி.பி. வீட்டில் யாருக்காவது வந்ததா, உங்களுக்கே சின்ன வயதில் வந்ததா, ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள்?

இரண்டாவது வயது, இதயம், புகை. ஐம்பதைத் தாண்டியவரா, பீடி சிகரெட் உண்டா, சர்க்கரை, பிரஷர் உண்டா?

மூன்றாவது, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா? பெண்கள் இதை டாக்டர் கேட்கும்வரை சொல்வதே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நான்காவதுதான் நம் பக்கத்தில் பலரைக் கவிழ்ப்பது. இரண்டு வருடம் கழித்தும் இதை உங்களால் தொடர முடியுமா? பணம் மட்டும் இல்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, மாதம் ஒரு நாள் கூலி போனால் தாங்குமா, இரத்தச் சோதனைக்கு அலைய ஆள் இருக்கிறதா?

## மூன்று பழைய மாத்திரைகளைச் சேர்ப்பது

மெத்தோட்ரெக்ஸேட்டோடு சல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சேர்ப்பது. பழைய வழி என்பதால் "அதெல்லாம் ஓல்டு" என்று தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், மெத்தோட்ரெக்ஸேட் போதாத 353 பேரில் ஒரு பாதிக்கு இந்த மூன்றையும், மறுபாதிக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் எட்டனர்செப்ட் ஊசியையும் கொடுத்தார்கள். கேட்காதவர்களை ஆறு மாதத்தில் மறுபக்கம் மாற்றிக்கொள்ள விட்டார்கள். வருட முடிவில் மூன்று மாத்திரை வழி ஊசிக்குக் குறைந்து போகவில்லை.

இதில் டி.பி. பயம் மிகக் குறைவு. விலையும் குறைவு, அரசு மருத்துவமனையிலேயே பெரும்பாலும் கிடைக்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு மாத்திரைகளின் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு ஆறேழு சேர்ந்துவிடும். சல்ஃபாசலசின் முதல் சில வாரம் வயிற்றைப் புரட்டும், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். சொல்லாமல் கொடுத்தால் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் இது ஆகாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு ஆரம்பத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். எலும்பு வேகமாக அரிபடுவது எக்ஸ்ரேயில் ஏற்கெனவே தெரிகிறவருக்கு அவ்வளவு காலம் காத்திருப்பது நல்லதல்ல.

## டி.என்.எஃப். தடுக்கும் ஊசி

அடாலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப். அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம். 2014 டிசம்பரில் ஓர் இந்திய நிறுவனம் இதன் ஒத்த வடிவத்தைக் கொண்டுவந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே முடிந்தது. அப்படியும் மூன்று மாத்திரையோடு ஒப்பிட்டால் பல மடங்கு விலைதான்.

பலன் சீக்கிரம் தெரியும். இரண்டு வாரத்தில் சட்டைப் பட்டன் போட முடிகிறது என்று சொன்னவர்கள் உண்டு. எலும்பு அரிப்பை நிறுத்துவதில் இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் இருக்கிற மருந்துகள் இவை. கர்ப்பம் யோசிக்கிறவர்களுக்கு, மருத்துவர் பார்வையில், இந்த வகையில் வழி உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும்.

டி.பி.தான் இதன் பெரிய விலை. ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை அல்லது இக்ரா என்ற இரத்தச் சோதனை செய்யாமல் யாரும் தொடங்கக் கூடாது. குழந்தையில் பி.சி.ஜி. போட்டிருப்பது மாண்டூவைக் குழப்பும், இக்ராவைக் குழப்பாது. ஆனால் இக்ராவுக்குக் காசு கூட. ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவருக்கு இரண்டுமே பொய்யாக "இல்லை" என்று காட்டக்கூடும். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டில் யாருக்கு டி.பி. வந்தது என்று வாயால் சொல்லுங்கள். அடங்கிக் கிடக்கும் டி.பி. இருந்தால் அதற்கு மாத்திரை தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் கழித்தே பொதுவாக ஊசி. இந்த மூன்றில் எட்டனர்செப்டுக்கு டி.பி. ஆபத்து மற்ற இரண்டைவிடக் குறைவு.

இதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் கடைக்கு வரும் பெண்கள் டி.பி. என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்கிறார்கள், பக்கத்தில் நிற்பவர் காதில் விழக்கூடாது என்று. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. டி.பி.யை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம், சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டியதே சென்னையில் நடந்த ஆய்வுதான். 1956இல் இங்கே தொடங்கிய டி.பி. ஆய்வு மையத்தின் அந்த ஆய்வு 1959இல் வெளியானது. ஏழை வீடுகளிலேயே அந்த மாத்திரை வேலை செய்தது.

அடுத்தது ஃபிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மீன் பெட்டி ஐஸில் நேராகப் புதைத்துக் கொண்டுபோய் ஊசியை வீணாக்கியவர் ஒருவர் உண்டு. பாவம், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் செய்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன் இரண்டு ஊசியைப் பையில் போட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான், என் கடை ஜெனரேட்டரில் வைக்கச் சொல்லி. வெளியே சில நாள் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும். அது 25 டிகிரிக்குள். நம் வீட்டுக்குள் 25 டிகிரி எந்த மாதத்தில் இருக்கிறது?

இன்னும் ஒன்று, பணம் இருக்கும்போது போட்டு இல்லாதபோது விடுவது. அப்படி விட்டு விட்டுப் போட்டால் உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிவிடும். பிறகு முழுதாகப் போட்டாலும் கேட்காமல் போகலாம். அதைக் குறைக்கத்தான் கூடவே மெத்தோட்ரெக்ஸேட் தருகிறார்கள். "ஊசிதான் போடறோமே, மாத்திரை எதுக்கு" என்று நிறுத்திவிடாதீர்கள்.

## ஜாக் மாத்திரை

டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப். ஊசி ஒரு சைட்டோகைனைப் பிடிக்கிறது. இது அணுவுக்கு உள்ளே போய், பல சைட்டோகைன்களின் செய்தி கடத்தப்படும் ஜாக் என்ற கம்பியைத் துண்டிக்கிறது. இன்டர்லூக்கின்-6 அதில் ஒன்று. வாய்வழி மாத்திரை, ஃபிரிட்ஜ் வேண்டாம், ஊசி பயம் இல்லை, சீக்கிரம் கேட்கும். இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகு விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. உடம்பை விட்டுச் சில மணி நேரத்தில் போய்விடும் என்பதால், கடுமையான தொற்று வந்தால் நிறுத்தியதும் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் திரும்பும். ஊசியில் அதற்கு வாரங்கள் ஆகும்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், இந்த மருந்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். காரணம் அது சுலபமாகக் கிடைப்பது. ஒருவருக்கு எழுதியதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிச் சாப்பிடுகிறார். டி.பி. சோதனை ஊசிக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். இதற்கும் அதே சோதனை, அதே எச்சரிக்கை.

2022இல் வெளியான பெரிய ஆய்வைப் பற்றி ஐம்பது வயதைக் கடந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆகி, இதயநோய்க்கான ஆபத்துக் காரணம் ஒன்றாவது இருந்த 4,362 பேரை வருடக்கணக்கில் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களில் 3.4 சதவீதம், டி.என்.எஃப். ஊசி போட்டவர்களில் 2.5 சதவீதம். புற்றுநோய் 4.2 சதவீதம், 2.9 சதவீதம். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் வித்தியாசம். ஆனால் முப்பது வருடம் பீடி பிடித்த துறைமுகத் தொழிலாளிக்கு அந்த ஒன்று லேசான விஷயமல்ல.

அக்கி வருவதும் இதில் கூடுதல். உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசி இப்போது இந்தியாவில் கிடைக்கிறது, விலைதான் எட்டாது. கொழுப்பு, கல்லீரல், இரத்த அணுக்கள் மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும், அந்தச் செலவை மாத்திரை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின் டோஃபாசிட்டினிப்பின் வீரியத்தை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதையும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். கர்ப்பம் யோசிக்கிறவர்களுக்கு இது வேண்டாம்.

## டோசிலிசுமாப், ரிட்டக்சிமாப்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில்தான் வரும். டோசிலிசுமாப் இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியை அடைக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனியாகவே நன்றாக வேலை செய்யும். ஆனால் சி.ஆர்.பி.யை அப்படியே அமுக்கிவிடும். உள்ளே நிமோனியா இருந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாக வரலாம். வேறு டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போனால் இந்த ஊசி போடுவதை முதலில் சொல்லுங்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவுக்காக இது கடைகளிலிருந்தே மறைந்துவிட்டது.

ரிட்டக்சிமாப், எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும் பி அணுக்களைக் குறைக்கிறது. இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்றினால் ஆறு மாதமோ அதற்கு மேலோ தாங்கும். டி.பி. முன்பு வந்தவர்களுக்கு மருத்துவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதற்குக் காரணம் உண்டு, டி.என்.எஃப். சுவரை இது தொடுவதில்லை. மஞ்சள் காமாலை பி சோதனை மட்டும் கட்டாயம்.

## எதையும் மாற்றாமல் ஸ்டீராய்டில் ஓட்டுவது

யாரும் இதை ஒரு தேர்வாகச் சொல்வதில்லை. ஆனால் நான் பார்க்கிறவர்களில் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஒரு ஸ்ட்ரிப் சில ரூபாய், மறுநாளே வலி போகிறது. பல சைட்டோகைன்களை ஒரே அடியாக அமுக்குவதால் அப்படி. புது மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரம் எடுப்பது சரி. வருடக்கணக்கில் எடுத்தால் சர்க்கரை, கண்புரை, முதுகெலும்பு நொறுங்குவது, டி.பி.யும் கூட. நான்கு வருடம் ஸ்டீராய்டில் ஓட்டியவரின் இடுப்பு அறுவைச் செலவில் எத்தனை ஊசி வாங்கியிருக்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்து மனம் கனத்துப்போனேன். பெயர் எழுதாத பொட்டலத்தில் "மூட்டுவலி பொடி" விற்கிறார்களே, அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மூன்று மாத்திரை | டி.என்.எஃப். ஊசி | ஜாக் மாத்திரை |
|---|---|---|---|
| டி.பி. ஆபத்து | மிகக் குறைவு | அதிகம், சோதனை கட்டாயம் | உண்டு, சோதனை கட்டாயம் |
| பலன் தெரிய | 2–3 மாதம் | சில வாரம் | சில வாரம் |
| ஐம்பதுக்கு மேல், புகைப்பவர் | எடுக்கலாம் | எடுக்கலாம் | தவிர்க்கப் பாருங்கள் |
| குழந்தை திட்டம் | மெத்தோட்ரெக்ஸேட்டை முன்பே நிறுத்தி, மற்ற இரண்டும் | மருத்துவர் பார்வையில் முடியும் | வேண்டாம் |
| ஃபிரிட்ஜ் | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் |
| மறைந்த செலவு | மாத்திரை எண்ணிக்கை, கண் சோதனை | கரண்ட் வெட்டு, விட்டு விட்டுப் போடுவது | இரத்தச் சோதனை, அக்கி |

என்னைக் கேட்டால், எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இல்லாதவர் மூன்று மாத்திரையை முழு அளவில் மூன்று மாதம் எடுத்துப் பார்ப்பதுதான் நம் பக்கத்துக்கு முதல் வழி. அரிப்புத் தெரிகிறது, டி.பி. சோதனை சுத்தம், காப்பீடும் தொடர்ந்து கைகொடுக்கும் என்றால் ஊசி. ஐம்பதுக்குக் கீழே, புகை இல்லை, இதயத் தொல்லை இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை என்றால் ஜாக் மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ ஈ.எஸ்.ஐ. அட்டையோ இருந்தால், எந்த மருந்து அதில் வரும், எத்தனை மாதத்துக்கு வரும் என்று மருந்தை முடிவு செய்யும் முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பாதியில் நின்றுபோகும் ஊசியைவிட முழுதாகப் போகும் மாத்திரை மேல்.

அண்ணிக்கு இக்ரா "உண்டு" என்று வந்தது. மாமியாருக்கு, அதாவது என் அம்மாவுக்கு, இருபது வருடத்துக்கு முன் டி.பி. வந்திருந்தது. ஒரே அறைதான் எங்களுக்கு அப்போது. அடங்கிக் கிடக்கும் டி.பி.க்கு ஆறு மாதம் ஐ.என்.எச். மாத்திரை என்றார் டாக்டர். "தம்பி, எனக்கு இருமல்கூட இல்லையே, எதுக்கு இது?" என்று கேட்டார். சுவர் கதையைச் சொன்னேன். கூடவே மூன்று மாத்திரையை முழு அளவில் தொடங்கினார்கள். நான்காவது மாதம் வீக்கம் பாதி வடிந்திருந்தது, ஊசிப் பேச்சை டாக்டர் தள்ளி வைத்தார். இறால் உரிக்கப் போவதை விட்டுவிட்டார். காலையில் சப்பாத்தி மாவு அவரேதான் பிசைகிறார். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், எல்லா வாரத்துக்கும்.